வாசகர் கேள்வி – பதில்: சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கேட்கப் பழக்குவது எப்படி?

ஆங்கிலம் பேசத் தயங்கும் பிள்ளைகளைப் பற்றி இப்பகுதியில் முன்பு வெளிவந்த பதிலைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஆறு இம்மாதம் இடம்பெறுகின்றன. ஆறுமே பேச்சுக்கு முந்திய படியாகிய கேட்டலைத் தொடுவதால் அவற்றை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பாலர் பள்ளியிலும் தொடக்கப்பள்ளிக் கீழ்வகுப்புகளிலும் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் மகனுக்கு ஐந்து வயது. சென்ற ஆண்டுதான் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிவந்தோம். இப்போது பாலர் பள்ளியில் படிக்கிறான். ஆசிரியர் சொல்வது அவனுக்குப் புரிவதில்லை என்றும், மற்ற பிள்ளைகள் எழுந்தால் எழுகிறான், அவர்கள் வரிசையில் நின்றால் தானும் போய் நிற்கிறான் என்றும் பள்ளியில் சொன்னார்கள். வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லையாம். நாங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். இனிமேல் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறிவிடலாம் என்று என் கணவர் சொல்கிறார். அது சரியா?
– ஒரு தாயார், உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் மகன் மற்றவர்களைப் பார்த்து எழுந்து நிற்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆசிரியரின் வாயிலிருந்து ஓர் ஒலித்தொடர் வருகிறது. உடனே எல்லாரும் எழுகிறார்கள். நாள்தோறும் இது நடக்கும்போது, அந்த ஒலித்தொடருக்கும் எழுந்து நிற்பதற்கும் உள்ள தொடர்பை அவன் தானாகவே கண்டுபிடித்துக்கொள்கிறான். புதிய மொழிச் சூழலுக்குள் வரும் பிள்ளை சில வாரங்களோ சில மாதங்களோ வாய் திறக்காமல் இருப்பது பரவலாகக் காணப்படும் நிலைதான். அந்தக் காலத்தில் பேசும்படி வற்புறுத்தினால், கேட்பதற்குச் செலவாக வேண்டிய கவனமெல்லாம் அச்சத்தில் போய்விடும். அவனுடைய முன்னேற்றத்தை அறிய விரும்பினால், என்ன பேசினான் என்று ஆசிரியரிடம் விசாரிக்காமல், பிறரைப் பார்க்காமலேயே எந்தெந்த அறிவுறுத்தல்களைப் பின்பற்றத் தொடங்கியிருக்கிறான் என்று விசாரியுங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று புதிய அறிவுறுத்தல்கள் சேர்ந்துகொண்டே வந்தால் அவன் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று பொருள்.

வீட்டு மொழியை மாற்றுவதை நான் உறுதியாக மறுக்கிறேன். ஒரு மொழியில் ஆழமாக வளர்ந்த திறன் அடுத்த மொழிக்கும் அடித்தளமாகிறது என்பதைக் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதியிலிருந்து விரிவாக எழுதிவந்திருக்கிறார். கேட்டலுக்கு இது மிகவும் பொருந்தும். தமிழில் ஒரு நீண்ட கதையைக் கேட்கும் பிள்ளை, தொடக்கத்தில் சொன்னதை நினைவில் வைத்திருக்கவும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கவும், புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கவும், சொல்பவரின் குரலிலிருந்து கோபத்தையும் விளையாட்டையும் பிரித்தறியவும் பழகுகிறது. இவற்றை ஆங்கிலத்துக்கென மறுபடியும் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் ஒலிகளும் சொற்களும் சேர்ந்துவிட்டால் அங்கேயும் பயன்படும். நீங்கள் சரளமாகப் பேசும் தமிழை விட்டுவிட்டு, சொல் தேடித் தேடிப் பேசும் ஆங்கிலத்துக்கு மாறினால், மகன் வீட்டில் கேட்கும் பேச்சின் அளவும் குறையும், வளமும் குறையும். மேலும், 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமான சிங்கப்பூர்வாசிகளில் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றனர். 2020இல் அது 48.3 விழுக்காடாயிற்று. இந்த ஊரில் உங்கள் மகனை ஆங்கிலம் எப்படியும் வந்தடையும். தமிழ் வந்தடைவதற்கு உங்கள் வீட்டை விட்டால் வேறு வழி குறைவு.

அதே வேளையில், வீட்டில் நாளுக்குக் கால் மணி நேரம் ஆங்கிலத்துக்கென ஒதுக்குவதில் தவறில்லை. வகுப்பில் அன்றாடம் பயன்படும் பத்துப் பன்னிரண்டு அறிவுறுத்தல்களை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘லைன் அப்’, ‘சிட் டவுன்’, ‘புட் அவே யுவர் டாய்ஸ்’ போன்றவையே அவை. பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, நீங்கள் ஆசிரியராகிக் கட்டளையிடுங்கள். பொம்மைகளை அவன் நகர்த்தட்டும். சில நாள்களில் அவனே ஆசிரியராக விரும்புவான், அப்போது நீங்கள் பொம்மையாகிவிடுங்கள். இதில் ஒன்றை மட்டும் கவனமாகத் தவிர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னதும் உடனே தமிழிலும் சொல்லிவிட்டால், தமிழ் வரப்போகிறது என்று அறிந்த பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்பதை நிறுத்திவிடும். எனவே ஆங்கிலத்தில் சொல்லுங்கள், கையால் காட்டுங்கள், சற்றுக் காத்திருங்கள், மறுபடியும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவன் திகைத்தால் தமிழில் விளக்கலாம்.

தொடக்கநிலை 1இல் சேரும்போது ஆங்கிலத்தில் பின்தங்கியிருப்பான் என்று அஞ்சுகிறீர்கள் போலும். ஆண்டின் தொடக்கத்திலேயே பள்ளிகள் பிள்ளைகளின் ஆங்கிலத் திறனைக் கண்டறிந்து, தேவைப்படுவோரைக் கற்றல் ஆதரவுத் திட்டத்தில் சேர்க்கின்றன. எட்டு முதல் பத்துப் பிள்ளைகள் கொண்ட சிறு குழுவாக, நாளுக்கு அரை மணி நேரம், அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் கற்பிக்கும் அந்த வகுப்பில் இடம் கிடைத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு நான்கு வயது. பகலில் அவனை நானும் பணிப்பெண்ணும் பார்த்துக்கொள்கிறோம். யூடியூபில் ஆங்கிலக் கேலிச்சித்திரங்களை மணிக்கணக்கில் பார்க்கிறான். பாடல்களையும் வசனங்களையும் அப்படியே ஒப்பிக்கிறான். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் விழிக்கிறான். இவ்வளவு கேட்டும் ஏன் புரியவில்லை?
– ஒரு தாத்தா, ஈசூன்

பதில்: திரையில் வரும் குரல் உங்கள் பேரனிடம் பேசுவதில்லை. அவனுக்குப் புரிந்ததா என்று பார்த்து நிற்பதுமில்லை, புரியாதபோது வேறு விதமாகச் சொல்வதுமில்லை. அவனும் அதற்கு எந்தப் பதிலும் தர வேண்டியதில்லை. எனவே ஒலியை ஒலியாகவே பதித்துக்கொள்கிறான், பொருள் பின்தங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கூல் தம் குழுவினருடன் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆங்கிலம் மட்டுமே பேசும் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து 12 அமர்வுகளில் விளையாடிப் பேசினார்கள். அக்குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டைக் கண்டறிந்தன. அதே ஆட்கள் அதே விதமாகப் பேசியதை ஒளிப்பதிவாக மட்டும் பார்த்த குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. நான்கு வயதுப் பிள்ளை கைக்குழந்தை அல்ல என்பது உண்மைதான். காணொளியிலிருந்து சில சொற்களை அந்த வயதில் கற்க முடியும். ஆனால் அருகில் ஒருவர் அமர்ந்து, நடுநடுவே நிறுத்தி, ‘இப்போது அந்த முயல் எங்கே ஒளிந்துகொண்டது?’ என்று கேட்டால்தான் அது நிலைக்கும். அந்தக் கேள்வியை நீங்கள் தமிழிலேயே கேட்கலாம். ஆங்கிலத்தில் கேட்டதை அவன் தமிழில் விளக்குவதும் நல்ல கேட்டல் பயிற்சியே.

நேரத்தையும் குறைக்க வேண்டும். சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் புதுப்பித்த வழிகாட்டியின்படி, 18 மாதம் முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வெளியே திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். பேரன் பார்க்காத வேளையிலும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். பின்னணியில் ஓயாமல் பேச்சு ஒலிக்கும் வீட்டில், பேச்சைப் பொருட்படுத்தாமல் இருப்பதுதான் பிள்ளைக்குப் பழக்கமாகிவிடுகிறது.

கேள்வி: என் பேத்திக்கு நூலகத்திலிருந்து ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் எடுத்து வந்து வாசித்துக் காட்டுகிறேன். என் உச்சரிப்பு சரியில்லை, பிள்ளைக்கும் அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஒலிநூல் போட்டுவிடுங்கள் என்கிறாள் மருமகள். நிறுத்திவிடட்டுமா?
– ஒரு பாட்டி, அங் மோ கியோ

பதில்: நிறுத்தவே கூடாது. பிள்ளை பள்ளியில் ஆசிரியர், தோழர், பேருந்து ஓட்டுநர் எனப் பலருடைய ஆங்கிலத்தையும் கேட்டு வளர்கிறது; உச்சரிப்பை அது பெரும்பாலும் தன் வயதொத்தவர்களிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். பல விதமான உச்சரிப்புகளைக் கேட்டுப் புரிந்துகொள்வதும் இந்த நாட்டில் கேட்டல் திறனின் ஒரு பகுதிதான். உங்கள் மடியில் அமர்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கும்போது கிடைக்கும் கவனத்தை எந்த ஒலிநூலாலும் தர முடியாது. மருமகளின் மனமும் நோகாமலிருக்க, தேசிய நூலக வாரியத்தின் மின்னூல் சேவையில் சிறுவர் ஒலிநூல்களும் உள்ளன என்பதால், நீங்கள் வாசித்த கதையையே மறுநாள் இன்னொரு குரலில் கேட்கச் செய்யலாம். கதை தெரிந்திருப்பதால் புதிய குரல் எளிதில் புரியும். எனவே உங்கள் வாசிப்பு முதலில் வரட்டும்.

கேள்வி: நான் ஜூரோங் வட்டாரப் பாலர் பள்ளி ஒன்றில் துணை ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் வகுப்பில் இருபது பிள்ளைகள். சீனம், மலாய், தமிழ் எனப் பல மொழி பேசும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறை ஒலிப்பதிவு செய்த கதையைப் போட்டுக் காட்டி, பிறகு கேள்விகள் கேட்கிறோம். எப்போதும் அதே நான்கைந்து பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்களைக் கேட்க வைப்பது எப்படி?
– ஓர் ஆசிரியை

பதில்: நீங்கள் விவரிக்கும் முறையில் கேட்டல் சோதிக்கப்படுகிறது, கற்பிக்கப்படவில்லை. கதை முடிந்த பிறகு வரும் கேள்வி, முன்பே கேட்கத் தெரிந்தவர் யார் என்பதைத்தான் காட்டும். கேட்கத் தெரியாத பதினைந்து பேருக்குக் கதை ஓடிக்கொண்டிருந்தபோதே உதவி தேவைப்பட்டது. நம் நாட்டின் பல வகுப்பறைகளில் இதே நிலைதான் என்பதால் இந்தக் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், எதற்காகக் கேட்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குக் கதை தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்களாகிய நாமும் காரணமின்றிக் கேட்பதில்லை. பெருவிரைவு ரயிலில் நம் நிலையத்தின் பெயர் வருகிறதா என்று கேட்கும் செவி மற்ற அறிவிப்புகளை எல்லாம் விட்டுவிடுகிறது. ஆகவே ‘கவனமாகக் கேளுங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. எதைக் கவனிப்பது என்று சொல்லுங்கள், ஒரு முறைக்கு ஒன்றே ஒன்றாக.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஒரு பாட்டி தேக்கா சந்தைக்குப் போய் மீன், வாழைப்பழம், தேங்காய், கீரை, பூ ஆகியவற்றை வாங்கி வரும் சிறு கதையை நீங்களே எளிய ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் அந்த ஐந்து படங்களும், வாங்காத பொருள்களின் படங்கள் இரண்டும் இருக்கட்டும். முதல் முறை கேட்கும்போது, பாட்டி வாங்கிய பொருள்களின் படங்களை மட்டும் கூடைக்குள் வைக்க வேண்டும். இரண்டாம் முறை, வாங்கிய வரிசையில் அடுக்க வேண்டும். மறுநாள் அதே கதையைச் சொல்லும்போது நீங்கள் வேண்டுமென்றே சிலவற்றை மாற்றிவிடுங்கள். மீனுக்குப் பதிலாகக் கோழி என்று சொன்னதும் பிள்ளைகள் தரையைத் தட்ட வேண்டும். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை கதை சொல்ல மற்றவர்கள் படங்களை அடுக்கலாம். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள் என்று பல ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். சலிப்பு நமக்குத்தான் வருகிறது. பிள்ளைகளுக்கோ, இரண்டாம் முறை கேட்கும்போது முதல் முறை தவறவிட்டது பிடிபடுகிறது, அந்த மகிழ்ச்சியே அவர்களை மூன்றாம் முறையும் கேட்க வைக்கிறது.

இந்த முறையில் யாரும் கை தூக்க வேண்டியதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இருபது பேரின் கைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன; யாருக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. பேச்சு வரும் முன்பே புரிதலை உடலசைவால் காட்டச் செய்யும் இந்த அணுகுமுறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் முறைப்படுத்தினார். கட்டளைகளைக் கேட்டுச் செயல்படுவதில் தொடங்கும் அம்முறை, வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு இன்றும் மிகவும் ஏற்றது. ஒரு செயலில் தொடங்கி இரண்டு செயலுக்கு ஏறுங்கள். ‘சிவப்புப் பென்சிலை எடு’ என்பது எளிது. ‘சிவப்புப் பென்சிலை எடுத்து உன் நாற்காலிக்குக் கீழே வை’ என்பதை ஆங்கிலத்தில் கேட்டுச் செய்ய, நிறம், பொருள், இடம் மூன்றையும் மனத்தில் தாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று செயல்கள் கொண்ட கட்டளைக்கு அவசரம் வேண்டாம்.

ஒலிப்பதிவைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் உங்கள் குரலாலேயே கதை சொல்லுங்கள். நேரில் சொல்பவரால் புருவத்தை உயர்த்த முடியும், படத்தைச் சுட்ட முடியும், ஒரு பிள்ளையின் முகம் சுருங்கினால் நிறுத்தி மறுபடியும் சொல்ல முடியும். வேகத்தைக் குறைக்க விரும்பினால், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டாம். அப்படிப்பட்ட ஆங்கிலத்தை அவர்கள் வெளியில் எங்கும் கேட்கப் போவதில்லை. இயல்பான வேகத்தில் ஒரு சொற்றொடரைச் சொல்லி, அதன் முடிவில் சற்று நிறுத்துங்கள். மனத்தில் பொருள் சேர்வதற்கு அந்த இடைவெளி போதும். கதை நன்கு பழகிய பிறகு ஒலிப்பதிவைப் போட்டால், பிற குரல்களைக் கேட்கும் பயிற்சியாக அது உதவும்.

கேள்வி கேட்ட பிறகும் இதே பொறுமை வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீள்வதோடு, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் கண்டறிந்தார். இரண்டாம் மொழியில் கேட்கும் பிள்ளைக்கு அந்த மூன்று வினாடிகூடப் போதாது. உங்கள் நான்கைந்து பேர் முந்திக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கை தூக்கச் சொல்லாமல், பக்கத்துப் பிள்ளையிடம் பதிலைச் சொல்லச் சொல்லிவிட்டுப் பிறகு ஒருவரை அழைத்துப் பாருங்கள்.

வகுப்பறையின் இரைச்சலையும் மறக்காதீர்கள். இரைச்சலுக்கிடையே பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன் பெரியவர்களுக்கு இருக்கும் அளவுக்குச் சிறு பிள்ளைகளுக்கு இருப்பதில்லை. அது பதின்ம வயது வரையிலும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மின்விசிறியின் ஓசையும், பக்கத்து வகுப்பின் பாட்டும், விளையாட்டுத் திடலின் கூச்சலும் நமக்குத் தடையாகத் தெரியாது, அவர்களுக்குத் தடைதான். கதை நேரத்தில் பிள்ளைகளை அருகில் அரைவட்டமாக அமர்த்துங்கள். ஆனால் அசையாமல் அமர்ந்து உங்கள் முகத்தையே பார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். கையில் எதையோ உருட்டிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு ஒன்றையும் கேட்காத பிள்ளைகளும் உண்டு. கூடையில் விழும் படங்களை வைத்தே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 2இல் படிக்கிறாள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் கேட்டல் கருத்தறிதலும் இருப்பதால், இப்போதே ஒலிப்பதிவுடன் கூடிய பயிற்சிப் புத்தகங்களை வாங்கி நாள்தோறும் செய்ய வைக்கிறேன். ‘பேக்’ என்னும் இரண்டு சொற்களையும், ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ ஆகிய எண்களையும் எப்போதும் குழப்பிக்கொள்கிறாள். பயிற்சி என்றாலே இப்போது அழுகிறாள்.
– ஒரு தந்தை, தெம்பனிஸ்

பதில்: அந்தப் புத்தகங்களை மூடிவைத்துவிடுங்கள். தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் கணக்கிடும் தேர்வுகளும் மதிப்பீடுகளும் 2019இலேயே நீக்கப்பட்டன. இந்த வயதில் பிள்ளைகள் கற்பதில் மகிழ்ச்சி காண வேண்டும் என்பதற்காக நாடே எடுத்த முடிவை வீட்டில் மாற்றியமைக்க வேண்டாம். இறுதியாண்டுத் தேர்வின் ஆங்கிலப் பாடத்தில் கேட்டல் கருத்தறிதலுக்கு 200 மதிப்பெண்ணில் 20. பலவுள் தெரிவு வினாக்கள் இருபது. ஏறக்குறைய 35 நிமிடம். தொடக்கத்தில் வரும் சில வினாக்களுக்கு விடைகளே படங்களாக இருக்கும். அதன் அமைப்புக்குப் பழக, தொடக்கநிலை 5, 6இல் பள்ளியில் தரும் பயிற்சியே போதுமானது. வாய்மொழித் தேர்வுக்கு 2025 முதல் 40 மதிப்பெண். அதில் 25 உரையாடலுக்கு. தேர்வாளரின் கேள்வியைச் சரியாகக் கேட்டுப் பதில் சொல்லும் திறனும் கேட்டலில்தான் தொடங்குகிறது என்பதையும், அதை எந்தப் பலவுள் தெரிவுப் பயிற்சியும் வளர்க்காது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மகளின் குழப்பத்துக்கு வருகிறேன். அது கவனக்குறைவு அல்ல. முதுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பையைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பேக்’ என்றே வரும்; நீங்களும் உங்கள் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். வல்லின எழுத்து ஒவ்வொன்றும் தமிழில் இடத்துக்கு ஏற்ப வன்மையாகவோ மென்மையாகவோ ஒலிக்கும். ‘பல்’லில் வரும் பகரமும் ‘கம்பு’வில் வரும் பகரமும் ஒலியால் வேறு, ஆனால் அந்த வேறுபாடு மட்டுமே ஒரு தமிழ்ச் சொல்லை வேறொரு தமிழ்ச் சொல்லாக மாற்றுவதில்லை. எனவே தமிழுக்குப் பழகிய செவி அதைப் பொருட்படுத்துவதில்லை. எல்லா மொழிச் செவிகளும் இப்படித்தான். ஜேனட் வெர்க்கர் கனடாவில் நடத்தி 1984இல் வெளியான ஆய்வில், ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் தகர டகர ஒலிகளைப் பிரித்தறிந்தன, பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அத்திறனைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. நம் பிள்ளைகளுக்கோ அந்த வேறுபாடு இயல்பாகவே நிலைத்துவிடுகிறது. தேவைப்படும் வேறுபாட்டைச் செவி பேணிக்கொள்கிறது. புதிதாகத் தேவைப்படுவதைப் பயிற்சியால் மீட்டுக்கொள்ளவும் முடியும், சிறு வயதில் அது எளிது.

இதில் தமிழே உங்களுக்குக் கைகொடுக்கும். அந்த இரண்டு ‘பேக்’ சொற்களையும் உற்றுக் கேட்டால், பையைக் குறிக்கும் சொல்லில் உயிரொலி சற்று நீளும், முதுகைக் குறிப்பதில் சட்டென்று முடியும். குறிலையும் நெடிலையும் பிரித்துப் பழகிய செவி அந்த நீளத்தைப் பிடித்துக்கொள்ளும். இறுதி மெய்யை அழுத்தி அழுத்திச் சொல்லிக் காட்டாமல், எந்தச் சொல் நீள்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். கப்பலையும் ஆட்டையும் குறிக்கும் ‘ஷிப்’, ‘ஷீப்’ போன்ற சொற்களில் நம் பிள்ளைகள் விரைவில் தேறிவிடுவதற்கும் குறில் நெடில் பழக்கம் துணைசெய்கிறது. எண்களில் உள்ள வேறுபாடு அழுத்தத்தில் இருக்கிறது: பதின்மூன்றில் இறுதி அசையின் மீது அழுத்தம் விழும், முப்பதில் முதல் அசையின் மீது விழும்; அடுக்கி எண்ணும்போது பதின்மூன்றிலும் அழுத்தம் முன்னே நகர்ந்துவிடுவது உண்டு என்பதால் தனி எண்ணாகச் சொல்லித் தொடங்குங்கள்.

பயிற்சி எப்படி அமைய வேண்டும் என்று கேட்டால், ஒரு நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பேன். இரண்டு படங்களை மேசையில் வைத்து நீங்கள் சொல்லும் படத்தை அவள் தொடட்டும். பிறகு அவள் சொல்ல நீங்கள் தொடுங்கள். நீங்கள் தவறாகத் தொட்டால் தன் உச்சரிப்பைத் தானே திருத்திக்கொள்வாள். சந்தையில் விலையைக் கேட்டு உங்களிடம் சொல்லும் வேலையை அவளிடம் கொடுங்கள். பதின்மூன்று வெள்ளியா முப்பது வெள்ளியா என்பது அங்கே உண்மையாகவே பொருட்படும். எஞ்சிய நேரத்தில் அவளுக்குப் பிடித்த கதையை வாசித்துக் காட்டுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தானாக வாசிக்கத் தெரியும் என்பதால் பெற்றோர் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த வயதில் பிள்ளை தானாக வாசிப்பதைக் காட்டிலும் கடினமான கதையைக் கேட்டுப் புரிந்துகொள்ளும். புதிய சொற்களும் நீண்ட வாக்கியங்களும் அவ்வழியாகத்தான் முதலில் வருகின்றன.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. எதைச் சொன்னாலும் ‘ஆ?’ என்று திரும்பக் கேட்கிறான். தொலைக்காட்சி ஒலியைக் கூட்டச் சொல்கிறான். சளி பிடித்தால் இன்னும் அதிகம். பாலர் பள்ளி ஆசிரியர், ஆங்கிலம் குறைவாக இருப்பதால் கவனம் சிதறுகிறது என்கிறார். துணைப்பாட வகுப்பில் சேர்க்கலாமா?
– ஒரு தாயார், பொங்கோல்

பதில்: முதலில் செவிப்புலனைப் பரிசோதிக்க வேண்டும். தமிழில் சொன்னாலும் திரும்பக் கேட்கிறானா என்று கவனியுங்கள். அப்படியென்றால் இதற்கும் ஆங்கிலத்துக்கும் தொடர்பில்லை. இந்த வயதில் சளிக்குப் பிறகு நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். வலியோ காய்ச்சலோ இல்லாததால் பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஆனால் அது இருக்கும்வரை பேச்சு மங்கலாகவே கேட்கும், குறிப்பாகச் சொற்களின் இறுதியில் வரும் மெல்லிய மெய்யொலிகள் தவறிப்போகும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாக வடிந்துவிடும். சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், அவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படும். பிறந்தவுடன் மருத்துவமனையில் செய்த செவிப்புலன் பரிசோதனையில் குறையில்லை என்று சொல்லியிருந்தாலும் இது பின்னர் வரக்கூடியது. தொடக்கநிலை 1இல் பள்ளிச் சுகாதாரச் சேவையினர் செய்யும் பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம்.

பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ இந்த அறிகுறிகளை நீங்கள் எழுதிய இதே வரிசையில் சொல்லுங்கள். தேவையெனில் செவிப்புலன் நிபுணரிடம் அனுப்புவார்கள். அதுவரையில் தொலைவிலிருந்து கூப்பிடாமல் அருகில் சென்று, அவன் முகத்தைப் பார்த்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். வகுப்பில் முன்வரிசையில் அமர்த்தும்படியும், பரிசோதனை முடிவு வரும்வரை கவனக்குறைவு என்று கண்டிக்க வேண்டாம் என்றும் ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். துணைப்பாட வகுப்பைப் பற்றிய முடிவை மருத்துவர் சொல்வதைக் கேட்ட பிறகு எடுக்கலாம்.